பழைய ஐசியின் இடத்தில் செருகும் பலகைக்கு ஏற்ற பின்களைத் தெரிவு செய்தல்

அரிசி ஆலையின் நிறுவைப் பொறியிலோ ஒரு தையல் பொறியிலோ உள்ள பழைய ஐசி (இரு பக்கமும் உலோகக் கால்கள் வரிசையாக உள்ள சிப்) பழுதாகி, அதே ஐசி சந்தையில் கிடைக்காமற் போனால், இன்றைய சிறிய சிப் ஒன்றை ஏற்றிய சுற்றுப்பலகையைச் செய்து பழையதன் இடத்திலேயே செருகிவிடலாம். சுற்றை வரைவதில் மிகுந்த கவனம் எடுப்பவர்கள்கூட, பலகையின் அடியில் கால்களாக வரும் உலோகப் பின்னைக் கடைசி நேரத்தில், கையில் அகப்பட்டதைக் கொண்டு முடித்துவிடுகிறார்கள். உண்மையில் ஐசியின் கால்கள் செருகப்படும் பொறியிலுள்ள சொக்கற்றை முதலில் பார்த்து, அதற்கேற்ற பின்னை வாங்கி அளந்த பிறகே பலகையில் துளைகளை வரைய வேண்டும். பலகை பிழையாகிப் போனால் இன்னொன்று செய்யலாம். பழைய பொறியின் சொக்கற் கெட்டால் அதைக் கழற்றி மாற்றும்போது செப்புத் தடங்களும் சேர்ந்து உரிந்து வரக்கூடும்.

கடைகளில் ஐசி பேஸ் என்று விற்கப்படும் சொக்கற்றுகள் பெரும்பாலும் இரண்டு வகை. துளைகள் நீள்சதுரமாக இருந்தால், உள்ளே இரு மெல்லிய தகடுகள் காலை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும். துளைகள் வட்டமாக இருந்தால் அது கடைந்தெடுத்த வகை; ஒவ்வொரு துளைக்குள்ளும் விரல்கள் போன்ற சிறிய வில்கள் காலைச் சுற்றிப் பிடிக்கும். இவ்விரண்டும் ஏறத்தாழ 0.46 மி.மீ. அகலமும் 0.25 மி.மீ. தடிப்பும் கொண்ட தட்டையான ஐசிக் காலை ஏற்பதற்காகவே செய்யப்பட்டவை.

எங்கும் மலிவாகக் கிடைக்கும் சதுர ஹெடர் பின் 0.64 மி.மீ. பக்கமும் ஏறத்தாழ 0.9 மி.மீ. மூலைவிட்டமும் கொண்டது. கால்களுக்கிடையிலான 2.54 மி.மீ. இடைவெளி பொருந்திவிடுவதால், எல்லாம் பொருந்திவிட்டது போன்ற ஒரு மயக்கத்தை அது தருகிறது. தகடு வகைச் சொக்கற்றில் அழுத்தினால் அது உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் ஐசிக் காலின் தடிப்பைப் போல இரண்டரை மடங்கு தடித்த பின் உள்ளே போகும்போது தகடுகள் நிரந்தரமாக விரிந்துவிடும். பிறகு உண்மையான ஐசியைச் செருகினால் தொடுகை விட்டுவிட்டு வரும், பொறியும் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். வட்டத் துளைச் சொக்கற்றில் அதே பின்னைத் திணித்தால் உள் வில் வளையும். ஆகவே பழைய சொக்கற்றுக்குள் போகும் பலகைக்குச் சதுரப் பின் வேண்டவே வேண்டாம்.

வட்டத் துளைச் சொக்கற்றுக்கு ஏற்றது கடைந்தெடுத்த வட்டப் பின் வரிசை. அதன் மெல்லிய முனை ஏறத்தாழ 0.5 மி.மீ. விட்டமுடையது, அந்த முனையே சொக்கற்றுக்குள் போக வேண்டும். வரிசையைத் தேவையான நீளத்துக்கு உடைக்கும்போது பிளாஸ்ரிக் தவறான இடத்தில் வெடிக்கும் என்பதால், கூரிய கத்தியால் கீறிவிட்டு உடைப்பதும், ஓரிரு பின்கள் கூடுதலாக வாங்குவதும் நல்லது. தகடு வகைச் சொக்கற்றிலும் வட்டப் பின் வேலை செய்யும். ஆனால் அதுவும் ஐசிக் காலைப் போல இரு மடங்கு தடிப்பானது. பழைய ஐசி என்றாவது அதே இடத்துக்குத் திரும்பக்கூடுமென்றால், ஐசிக் காலைப் போலவே தட்டையாகச் செய்யப்பட்ட பின்களைத் தேடி வாங்குவதே சரி. விலை கூடுதல்தான், ஆனாலும் என் தெரிவு அதுவே. மின்தடைகளின் கால்களிலிருந்து வெட்டிய கம்பிகளை நட்டுச் செய்யும் பலகை மேசையில் ஒருமுறை சோதித்துப் பார்க்க மட்டும் உதவும்.

முலாமும் கவனிக்க வேண்டியது. தங்கமுலாம் பூசிய பின்னை வெள்ளீய முலாம் பூசிய சொக்கற்றில் போட்டால், இரண்டும் உரசும் இடத்தில் ஒட்சைட்டுத் துகள்கள் சேர்ந்து காலப்போக்கில் மின்தடை கூடும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மட்டக்களப்பு ஊர்களில் உப்புக்காற்றும், நெல் ஆலைகளில் ஓயாத அதிர்வும் உமித்தூசியும் இதை விரைவுபடுத்தும். எனவே தங்கத்துக்குத் தங்கம், வெள்ளீயத்துக்கு வெள்ளீயம் என்று சேர்க்க வேண்டும். பழைய சொக்கற் கறுத்துப்போயிருந்தால், எந்தப் பின்னைப் போட்டாலும் பயனில்லை; அதை மாற்றிவிட்டே பலகையைப் பற்றி யோசிக்கலாம்.

பின் கைக்கு வந்ததும், பலகைக்குள் போகும் முனையைக் கலிப்பரால் அளந்து, அதைவிட 0.2 முதல் 0.3 மி.மீ. வரை பெரிய துளையை வரைய வேண்டும். 27சி256 போன்ற 28 கால் ஈப்ரொமுக்கு (பொறியின் நிரலைச் சேமித்து வைக்கும் நினைவக ஐசி) இரு வரிசைகளுக்கும் இடையே 15.24 மி.மீ. உண்டு. பின்கள் பலகையின் ஊடாக வருவதால் பலகையின் அகலம் ஏறத்தாழ 18 மி.மீ. ஆகிவிடும், ஐசியின் உடலோ 14 மி.மீ. அளவுதான். பக்கத்தில் மின்தேக்கி ஒன்று ஒட்டி நின்றால் பலகை அதில் இடிக்கும். கடதாசியில் அதே அளவை வெட்டி ஐசியின் மேல் வைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். சொக்கற்றின் நடுவெளியில் மின்தேக்கி இருக்கிறதா, பெட்டியின் மூடி எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பவற்றையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

ஈயம் பற்றவைக்கும்போது பின்கள் சரியாதிருக்க, வேறொரு புதிய வட்டத் துளைச் சொக்கற்றில் இரு வரிசைகளையும் செருகி, பலகையை மேலே வைத்து, முதலில் நான்கு மூலைகளை மட்டும் பற்றவைத்து, மட்டம் சரியென்று கண்ட பிறகு மற்றவற்றைத் தொடர வேண்டும். பொறியிலுள்ள சொக்கற்றை இதற்குப் பயன்படுத்தினால், பின் வழியே இறங்கும் சூடு அதன் பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். கழற்றும்போதும் மெல்லிய தட்டைத் திருப்புளியால் இரு முனைகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகக் கிளப்ப வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் வட்டப் பின் முறியும்.

பலகையைச் செருகுமுன், 27சி256இன் வெறும் சொக்கற்றில் 14ஆம் கால் தரையாகவும் (0 வோல்ற்) 28ஆம் கால் 5 வோல்ற்றாகவும் இருப்பதை மீற்றரில் உறுதிசெய்து, மின்னை நிறுத்தி, முதலாம் காலின் அடையாளத்தைப் பார்த்துச் செருக வேண்டும். பிறகு மின் இல்லாத நிலையிலேயே, பலகையின் மேற்புறப் பின்னிலிருந்து பொறியின் அடிப்புற ஈயப் புள்ளி வரை ஒவ்வொரு காலாக மீற்றரால் தொடர்ச்சி (மின்பாதை அறாமல் இருக்கிறதா என்று) பார்க்கும்போது, பலகையை விரலால் இலேசாக அசைக்க வேண்டும். மீற்றரின் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும் கால் எதுவோ, ஆலையின் அதிர்வில் முதலில் தொடுகை விடப்போவது அதுதான்.