பழைய ஒற்றைத் தோட்டா இலக்குத் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை பொருத்துதல்

சென்னையில் ஒரு பழைய ஒற்றைத் தோட்டா இலக்குத் துப்பாக்கி ஒருவர் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான்: குடும்பச் சொத்தாக வரும், அல்லது உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்க நேரும். எப்படி வந்தாலும் இரும்பைவிட, அதைத் தாங்கும் மரக் கட்டையே அதிகம் கெட்டிருப்பதைக் காணலாம். எண்ணெய் ஊறிக் கறுத்த கைப்பிடி, ரிசீவரை (சுடும் பொறி அடங்கிய நடு இரும்புக் கூட்டை) ஒட்டிய மெல்லிய விரிசல், பிற்காலத்தில் யாரோ பூசிய தடித்த வார்னிஷ் ஆகியவை ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். ஆகவே சேகரிப்பில் இறங்குபவர் மரவேலையைப் புரிந்துகொள்வது அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சுடக்கூடிய நிலையிலுள்ள துப்பாக்கி எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத தொன்மைப் பொருளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. சென்னை மாநகருக்குள் உரிமம் வழங்கும் அதிகாரம் காவல் ஆணையருக்கு உரியது. உரிமதாரர் காலமானால், வாரிசுகள் துப்பாக்கியை வீட்டுப் பீரோவில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டுத் தங்கள் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சாதாரண உரிமதாரர் வைத்துக்கொள்ளக்கூடியவை இரண்டு மட்டுமே என்பதால், இங்கே சேகரிப்பு என்பது எண்ணிக்கையைப் பெருக்குவது அன்று, ஒன்றையோ இரண்டையோ நன்றாகத் தேர்ந்தெடுப்பதாகும்.

தொடக்கத்திற்கு நான் பரிந்துரைப்பது பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனம் செய்த .22 அங்குலக் குழல்விட்ட மார்ட்டினி வகைத் துப்பாக்கி. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பிறகு, பிரிட்டிஷ் படைத் தளபதி லார்ட் ராபர்ட்ஸ் போன்றோரின் ஊக்குவிப்பால் பிரிட்டனில் சிறு துப்பாக்கி சுடும் கழகங்கள் பெருகியபோது இவ்வகைக்குப் பெரும் தேவை ஏற்பட்டது. 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றியின் அதே அமைப்புதான் இதிலும் இருக்கிறது: அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால், பின்முனையில் கீல் கொண்ட இரும்பு அடைப்புக் கட்டையின் முன்பக்கம் தாழ்ந்து தோட்டாவுக்கு வழிவிடும். இவ்வமைப்பில் தோளில் பதியும் பின்கட்டையும் குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையும் தனித்தனி மரத் துண்டுகள். அதனால் நீண்ட ஒற்றைப் பலகையைத் தேட வேண்டியதில்லை. இவ்வளவு தெளிவான, அடக்கமான பொறியமைப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பதே ஒரு நிறைவு.

வாங்குமுன் குழலின் உட்புறம், தயாரிப்பு எண், குழல் எந்த மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று காட்டும் பரிசோதனை முத்திரைகள் ஆகியவற்றை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். பழைய வகை வெடிமருந்தான கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் இக்காலத் தோட்டாவைச் சுடுவது உயிருக்கே ஆபத்து. தயாரிப்பு எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ குற்றம் என்பதால், துரு நீக்குகிறேன் என்று உப்புத்தாளை இரும்பின் மேல் கொண்டுசெல்லவே கூடாது.

பழைய கட்டையைக் காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றுவதே முறை. அமுங்கிய பள்ளத்தின் மேல் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால், நசுங்கிய இழைகள் ஆவியில் உப்பி எழும். கைப்பிடியில் ஊறிய எண்ணெயை, சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசிக் காயவிட்டு, பலமுறை திரும்பச் செய்து உறிஞ்சி எடுக்கலாம். இதைத் திறந்த வெளியில், நெருப்பு அண்டாமல் செய்ய வேண்டும். எண்ணெய் நீங்கிய பிறகே விரிசலில் எபாக்சிப் பசை பிடிக்கும்.

மரம் இற்றுப்போயிருந்தால்தான் புதுக் கட்டை. வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் தேக்கு எளிதாகக் கிடைக்கும், ஆனால் தேக்கு எளிதில் பிளக்கும். அதன் எண்ணெய்ப்பசையால் பசையும் சரியாக ஒட்டாது. ஈட்டி மரம் அழகானது, ஆனால் துப்பாக்கியின் எடைச் சமநிலையைக் கெடுக்கும் அளவுக்குக் கனமானது. மூலக் கட்டைகள் வால்நட் மரத்தாலானவை. காஷ்மீரில் விளையும் அதே இன வால்நட்டை, வாங்கிய ரசீதோடு பெறுவதே நல்லது. வைரம் பாய்ந்த பகுதியாக இருக்க வேண்டும். கைப்பிடியின் ஒடுங்கிய இடத்தில் இழையோட்டம் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். அந்த இடத்தில் இழை குறுக்கே வெட்டிச் சென்றால், மற்ற இடங்களில் எவ்வளவு அழகிய ரேகை இருந்தாலும் அப்பலகையை விட்டுவிடுங்கள். வாங்கியதை உடனே செதுக்காமல், துப்பாக்கி இருக்கப்போகும் அறையிலேயே வைத்து மாதம் ஒருமுறை எடை பார்த்து, எடை மாறாமல் நின்ற பிறகு, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் வேலையைத் தொடங்க வேண்டும்.

துப்பாக்கியின் இரும்புப் பாகத்தை உரிமம் இல்லாத ஆசாரியிடம் கொடுத்துவிட்டு வரக் கூடாது. அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: பழைய கட்டையை மாதிரியாக வைத்து உருவத்தை ஆசாரி செதுக்கட்டும், இரும்போடு பொருத்தும் வேலை உரிமம் பெற்ற பட்டறையிலேயே நடக்கட்டும். ஆசாரி கவனிக்க வேண்டியது வேலையின் வரிசையை. பின்கட்டையை ரிசீவரோடு பிணைக்கும் நீண்ட மரையாணி கட்டைக்குள் முழு நீளமும் செல்வதால், பலகை சதுரமாக இருக்கும்போதே அந்தத் துளையைப் போட்டுவிட்டு, துளையை மையமாகக் கொண்டு வெளி உருவத்தைச் செதுக்க வேண்டும். உருவத்தை முதலில் முடித்துவிட்டால், துளை சற்றே சாய்ந்தாலும் மொத்த மரமும் வீண். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையிலான நீளம் பொதுவாக 13 முதல் 14 அங்குலம். சுடுபவரின் கைக்கேற்ப இதை முன்னதாகவே முடிவு செய்யுங்கள்.

பொருத்தும் வேலைக்கு அவசரமே கூடாது. சிம்னி விளக்கின் புகைக்கரியை ஒரு துளி எண்ணெயில் குழைத்து, ரிசீவரின் பின்புறக் குழியில் மிக மெல்லியதாகப் பூசி, கட்டையை நேராக நுழைத்து வெளியே எடுத்தால், மரம் முட்டும் இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் கூரிய உளியால் சுரண்டி எடுத்து, மறுபடி பூசி, மறுபடி நுழைக்க வேண்டும். முதலில் இரண்டு மூன்று புள்ளிகளாகத் தெரியும் கறுப்பு, கடைசியில் முகம் முழுவதும் சீராகப் பரவும். அதுவரை இதைத் தொடர வேண்டும். உட்புறம் இப்படிச் சீராகத் தாங்கியிருக்க, வெளி விளிம்பில் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுவது நல்லது. விளிம்பு நேராக இரும்பில் மோதினால் நாளடைவில் செதில் பெயரும். முன்கட்டை குழலை ஒரு பக்கமாக அழுத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மெருகுக்கு ஆளி விதை எண்ணெயே ஏற்றது. உள்ளங்கைச் சூட்டில் மெல்லத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் முற்றிலும் காய்ந்த பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். சென்னை ஈரப்பதத்தில் ஒரு பூச்சு காயப் பல நாள் ஆகலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், உடனே தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

தோல் உறைக்குள் துப்பாக்கியை வைக்காதீர்கள். தோல் ஈரத்தை ஈர்த்துத் துருவை வளர்க்கும். பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு, குழல்வாய் கீழ்நோக்கியிருக்கும்படி நிறுத்தினால், இரும்பிலிருந்து வடியும் எண்ணெய் கைப்பிடி மரத்துக்குள் இறங்காது. கோடை முற்றும்போது மரம் சற்றுச் சுருங்கி மரையாணி தளர்ந்திருக்கக்கூடும். அப்போது நீண்ட திருப்புளியால் அதை அளவாக இறுக்கிவிட வேண்டும்.