லார்ப் விளையாட்டில் ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி? குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வயல் வாடியில் நாங்கள் நடத்திய ஒரு நாள் விளையாட்டு அது. கதைப்படி ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தம்பியைத் தேடி அலையும் அக்காவாக ஒரு பிள்ளை ஆடினாள். பின்னேரம் நாலு மணியளவில் அவள் மருத மரத்தடியில் குந்தியிருந்து அழுதாள். ‘வடிவா ஆடுறா’ என்று நினைத்துக்கொண்டு நான் அப்பால் போய்விட்டேன். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர் கொடுக்கப் போன அக்கா ஒருவர்தான் கண்டுபிடித்தார். மூச்சு வேக வேகமாக வாங்கி, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் இருந்தாள் அந்தப் பிள்ளை.

வெளியில் நின்று பார்க்கிறவருக்கு ஆட்டத்து அழுகையும் உண்மையான அழுகையும் ஒரே மாதிரித்தான் தெரியும். கிட்டப் போய்க் கேட்டால்தான் எது எது என்று தெரியவரும். எங்கள் வேலையின் பெரும்பகுதி இந்தக் கேட்பதுதான். அதை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லார்ப் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பங்குபற்றுகிற எல்லாரும் ஒரு பாத்திரம் ஏற்று, எழுதிவைத்த வசனம் இல்லாமல், பார்வையாளர் இல்லாமல், மணிக்கணக்கில் அந்தப் பாத்திரமாகவே நடமாடும் விளையாட்டு. வடமோடி, தென்மோடிக் கூத்து விடிய விடிய நடந்தாலும் அடுத்து என்ன வரும் என்று கூத்தருக்குத் தெரியும். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தோடு களரியிலேயே நிற்பார். லார்ப்பில் அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணாவியாரும் இல்லை. ஆகவே அந்த இடத்தில் யாராவது நிற்க வேண்டும்.

முதற்படி: யார் நிற்பது

20 பேர் ஆடினால் குறைந்தது இரண்டு பேர், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், எந்தப் பாத்திரமும் ஏற்காமல் இதற்கென்றே இருக்க வேண்டும். கதை நடத்துகிறவரிடம் இந்தப் பொறுப்பையும் கொடுக்காதீர்கள். அவருடைய கண் கதையில்தான் இருக்கும். கையில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டால் தூரத்திலேயே தெரியும். இரண்டு பேரும் மாறி மாறிச் சாப்பிட்டு ஆறுங்கள். பசியோடு நிற்கிறவரால் இன்னொருவரின் முகத்தை ஒழுங்காகக் கவனிக்க முடியாது.

இரண்டாம்படி: விளையாட்டுக்கு முன்பே கேட்பது

ஒரு கிழமைக்கு முன்பே ஆளுக்கொரு படிவம் கொடுங்கள். தொய்வு, வலிப்பு, சீனி வருத்தம், பிரஷர் உண்டா? என்ன மருந்து, எந்த நேரத்துக்கு? எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது? அவசரத்துக்கு யாருக்குக் கோல் எடுப்பது? கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் ஹலால் சாப்பாடும் தொழுகை நேரமும் அட்டவணையிலேயே இருக்கட்டும். ‘தேவையென்றால் சொல்லுங்கள்’ என்று விட்டுவிட்டால் கூச்சத்தில் சொல்லமாட்டார்கள்.

படிவத்தின் கடைசிக் கேள்விதான் முக்கியம்: உங்கள் முன்னால் வரவே கூடாத காட்சி எது?

எங்கள் மண்ணில் இந்தக் கேள்வியின் கனமே வேறு. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தவர் இன்று உங்கள் விளையாட்டுக்கு வரும் வயதில் இருக்கிறார். சோதனைச்சாவடியில் இறங்கி நடந்த நினைவு, இரவில் நாய் குரைத்தால் வீட்டில் எல்லாரும் மூச்சடக்கிய நினைவு, காணாமல் போன ஒருவரின் படம் சாமியறைக்குப் பக்கத்தில் தொங்கும் வீடு, இவையெல்லாம் பலருக்குச் சொந்தம். வேறொரு நாட்டில் எழுதிய கதையில் ‘காவலர் மறித்து விசாரிக்கிறார்’ என்பது வெறும் சுவாரசியமான காட்சி. இங்கே அடையாள அட்டையைக் காட்டு என்று கதைக்குள் ஒருவர் அதட்டினாலே சிலருக்குக் கை நடுங்கும்.

அதனால் கதையில் என்னென்ன வரும் என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: கைது, கட்டிப்போடுதல், சாவு, வெள்ளம், இருட்டில் துரத்துதல். சொன்னால் கதையின் சுவை கெட்டுவிடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். கெட்டால் கெடட்டும். ஒரு காட்சி வேண்டாம் என்று ஒருவர் எழுதினால் ஏன் என்று கேட்கவே கூடாது. அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள், அல்லது அவர் அந்தப் பக்கம் வராதபடி கதையை அமையுங்கள். சீனவெடி, இராணுவ உடுப்பைப் போன்ற உடுப்பு இரண்டும் எங்கள் விளையாட்டில் எப்போதும் கிடையாது.

படிவங்கள் கவனிப்புக்கு நிற்கும் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். முடிந்ததும் எரித்துவிடுங்கள்.

மூன்றாம்படி: இடத்தைப் பார்ப்பது

கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். மரக்கத்தியோடு பத்துப் பேர் இரவில் ஓடுவதைக் கண்டு ஒரு கிழவி பதறினால் அதுவும் எங்கள் பொறுப்புத்தான்.

ஊராரிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. யானை எந்தப் பக்கத்தால் வரும்? வாவிக் கரையில் முதலை உண்டா? படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் இதை விசாரிக்காமல் இரவு விளையாட்டு வைக்காதீர்கள். கல்லடிக் கடற்கரையோ பாசிக்குடாவோ, எங்கே வைத்தாலும் விளையாட்டு நடக்கும் நேரத்தில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதை முதல் விதியாகச் சொல்லிவிடுங்கள்.

ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது வியர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பில் நீர் குறைவது ஆளுக்கே தெரியாது. குடிக்க மட்டும் ஆளுக்கு மூன்று லீற்றர் கணக்கு வையுங்கள். 20 பேருக்கு 60 லீற்றர். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை ஓட்டம் பாட்டம் உள்ள காட்சிகளை வைக்காதீர்கள். தேசிக்காய்த் தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சீனியும் போட்டுக் கொடுத்தால் எல்லாரும் விருப்பமாய்க் குடிப்பார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கலவையான ஜீவனி ஐந்தாறு பக்கற்றும் பெட்டியில் இருக்கட்டும்.

மலசலகூடம் இல்லாத இடத்தை எவ்வளவு வடிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள்.

நான்காம்படி: சைகைகளைப் பழக்குவது

நோர்வே, சுவீடன் பக்கத்து லார்ப்காரர் 1997 முதல் ஆண்டுதோறும் ஒன்றுகூடி இவற்றைக் கதைத்து வருகிறார்கள். முதலாவது கூட்டம் நடந்தது ஒஸ்லோவில், எங்கள் சனமும் நிறைய இருக்கிற ஊரில். அங்கிருந்து வந்த இரண்டு சொற்கள் ‘கட்’, ‘பிரேக்’. கட் என்றால் எல்லாரும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், ஆட்டம் முழுவதும் நிற்கும். பிரேக் என்றால் ஆட்டம் தொடரலாம், ஆனால் வேகத்தைக் குறைக்க வேண்டும், இதற்குமேல் போகக் கூடாது.

‘நிறுத்து’ என்ற தமிழ்ச் சொல்லைத்தான் நாங்கள் முதலில் வைத்தோம். அது சரிவரவில்லை. கதைக்குள் காவலாளியும் நிறுத்து என்பான், கள்ளனும் நிறுத்து என்பான். எது உண்மை என்று குழம்பிப்போனார்கள். கட் என்றால் சினிமாப் படப்பிடிப்பு, பிரேக் என்றால் பஸ். இரண்டும் எல்லாருக்கும் தெரியும், பழைய காலத்துக் கதைக்குள் தவறியும் வராது.

அடுத்தது ஓகே சைகை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாக்கி எதிரில் இருப்பவருக்குக் காட்டுங்கள். அவர் பெருவிரலை உயர்த்தினால் சரி. கீழே காட்டினாலோ, கையை விரித்து ஆட்டினாலோ, பதிலே தராவிட்டாலோ அவரை ஆட்டத்துக்கு வெளியே கூட்டிவர வேண்டும். எங்களுக்கு இது மிகவும் தேவை. ஏனென்றால் நாங்கள் எதற்கும் தலையை ஆட்டுகிற ஆட்கள். ‘ஓம்’ என்பதற்கும் ஒரு ஆட்டு, ‘என்னை விடுங்கோ’ என்பதற்கும் அதே ஆட்டு. விரலில் அந்தக் குழப்பம் இல்லை.

கடைசியாக, நெற்றியில் கையை வைத்துக் கண்ணை மறைத்தபடி ஒருவர் நடந்து போனால் அவர் அந்தக் காட்சியைவிட்டுப் போகிறார் என்று அர்த்தம். யாரும் மறிக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, பிறகு காரணமும் கேட்கக் கூடாது.

சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. வேஷம் போட முன்பு எல்லாரையும் இரண்டிரண்டு பேராக நிறுத்தி, ஆளுக்கு மூன்று தரம் செய்யவையுங்கள். சின்னச் சண்டை ஒன்றை ஆடவிட்டு நடுவில் கட் சொல்லிப் பாருங்கள். கூச்சம் போகும் வரைக்கும் செய்யுங்கள். வாய் பழகாத சொல் பயத்தில் வராது.

ஐந்தாம்படி: கிட்டப் போவது

அரை மணிக்கு ஒருதரம் சுற்றி வாருங்கள். தனியே ஒதுங்கி இருப்பவர், ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பவர், அளவுக்கு மீறிச் சிரிப்பவர், வெயிலிலும் வியர்க்காதவர், இவர்களிடம் போங்கள். முதலில் ஓகே சைகை. பதில் சரியில்லை என்றால் பக்கவாட்டில் போய், அவர் இருக்கிற உயரத்துக்கு நீங்களும் குந்துங்கள். பாத்திரத்தின் பெயரைச் சொல்லாமல் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அன்று தண்ணீர் கொடுக்கப் போன அந்த அக்கா, மரத்தடியில் அழுத பிள்ளையோடு கதைத்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“தங்கச்சி, நான் கதைக்கு வெளிய இருந்து கேக்கிறன். உங்களுக்கு என்ன செய்யுது?”

பதில் இல்லை.

“சரி, கதைக்க வேணாம். நான் பக்கத்தில இருக்கட்டா?”

பிள்ளை தலையாட்டவில்லை, விரலைத்தான் உயர்த்தினாள். காலையில் பழக்கிய சைகை.

“காலை நிலத்தில வடிவா வைங்க. மண் சுடுதா, குளிருதா? மூச்சை என்னோட சேர்த்து மெதுவா விடுங்க. மறுகா தண்ணி குடிப்பம்.”

அவ்வளவுதான். ‘ஏன் அழுறீங்க’ என்று அவர் கேட்கவேயில்லை. அணைக்கவில்லை, முதுகில் தடவவில்லை. கையைப் பிடிக்கட்டா என்று கேட்டு, விரல் உயர்ந்த பிறகுதான் பிடித்தார். சுற்றி நின்ற எங்களைக் கண்ணாலேயே விலகச் சொன்னார். இருபது நிமிடத்துக்குப் பிறகு மூன்று வழி காட்டினார்: திரும்பி ஆடலாம், பாயில் படுத்திருக்கலாம், வீட்டுக்குப் போகலாம். எதை எடுத்தாலும் சரிதான் என்றும் சொன்னார். அந்தப் பிள்ளை பாயை எடுத்தாள்.

அந்தப் பாய்க்கென்று ஒரு இடம் முதலிலேயே வேண்டும். நிழல், தண்ணீர், விசிறி, உள்ளே வருகிறவரைப் படம் எடுக்காத ஆட்கள். கதை அந்தப் பக்கம் போகவே கூடாது.

உடம்பு சம்பந்தப்பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலையிடி, களைப்பு, குமட்டல் என்றால் நிழலில் படுக்கவைத்து ஜீவனி கொடுங்கள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டுப் பேச்சுத் தடுமாறினால் அது வேறு விஷயம். உடனே 1990க்குக் கோல் எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வரும் வரைக்கும் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசுக்குங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஒருவர் இன்னொருவரைப் பற்றி முறைப்பாடு சொன்னால், ஆட்டச் சாக்கில் தொட்டார், தகாத வார்த்தை சொன்னார் என்றால், ‘அவன் அப்படிப்பட்ட பொடியன் இல்லை’ என்ற வார்த்தை உங்கள் வாயில் வரக் கூடாது. கேளுங்கள், இருவரையும் பிரித்து வையுங்கள், சொன்னவர் என்ன விரும்புகிறார் என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1929. இந்த இலக்கங்களை மஞ்சள் துணிக்காரர் இருவரும் போனில் போட்டு வைத்திருக்க வேண்டும்.

ஆறாம்படி: வேஷம் கலைப்பது

புதுச் சிவப்புத் துணியை மற்ற உடுப்போடு சேர்த்துத் தோய்த்தால் சாயம் இறங்கி ஒட்டும். லார்ப்பிலும் பாத்திரத்தின் கோபமும் துக்கமும் ஆடியவரில் அப்படி ஒட்டும். ஆடியவரின் சொந்தக் கவலையும் பாத்திரத்தில் ஒட்டும். எமிலி கேர் பொஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2007இல் இதற்கு ‘பிளீட்’ என்று பெயர் வைத்தார். சாயம் ஒட்டுவது என்றே நாங்கள் சொல்கிறோம்.

அதனால் விளையாட்டு முடிந்ததும் யாரையும் உடனே பஸ் ஏற்றிவிடாதீர்கள். முகம் கழுவி, சொந்த உடுப்பை மாற்றி, பிளேன்ரீயோடு வட்டமாக இருங்கள். ஒவ்வொருவரும் பாத்திரத்தின் பொருள் ஒன்றை, தலைப்பாகையோ வளையலோ, நடுவில் வைத்துவிட்டுத் தன் சொந்தப் பெயரைச் சொல்லட்டும். கதைக்க விருப்பம் இல்லாதவர் சும்மா இருக்கட்டும். கதைக்குள் ஒருவரை ஒருவர் அடித்த, ஏசிய ஆட்களைக் கொஞ்ச நேரம் ஒன்றாக இருத்துங்கள். அவர்களுக்கு அது கட்டாயம் தேவை. முக்கால் மணி நேரம் இதற்கென்று அட்டவணையில் ஒதுக்கி, கடைசி பஸ் நேரத்தையும் பார்த்து அதற்கேற்ப விளையாட்டை முடியுங்கள். பிந்திவிட்டால் தெரிந்த ஓட்டோவில் ஏற்றி, வீடு சேர்ந்த மெசேஜ் வரும் வரைக்கும் குழுவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

ஏழாம்படி: மூன்றாம் நாள் கோல்

சாயம் தெரிவது பெரும்பாலும் அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோதான். ஆடியவர்களின் பட்டியலை இரண்டு பேரும் பிரித்து எடுத்து எல்லாருக்கும் கோல் எடுங்கள், அழுதவருக்கு மட்டும் எடுக்காதீர்கள். நித்திரை வருதா, சாப்பிடுறீங்களா, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப மனதில் வருதா என்று கேளுங்கள். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. பாரம் கூடவாகத் தெரிந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைக் கொடுங்கள், எந்த நேரமும் எடுக்கலாம். அவருக்கு விருப்பமென்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்.

மரத்தடியில் அழுத பிள்ளைக்கு மூன்றாம் நாள் நான்தான் கோல் எடுத்தேன். தம்பியைப் பற்றி அரை மணி நேரம் கதைத்தாள், கதையில் வந்த தம்பியைப் பற்றி அல்ல. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், அடுத்த விளையாட்டுக்கு மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நிற்கத் தன்னையும் சேர்ப்பீர்களா என்று கேட்டாள்.