சந்திரபாபுவைப் பற்றிப் பேசப் போகிறீர்களா? நான் சறுக்கிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன்

பழைய நகைச்சுவை நடிகர் ஜே. பி. சந்திரபாபுவின் நினைவு நாளான மார்ச் 8 நெருங்கினால் போதும், யாராவது ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் வந்துவிடுவார். "அண்ணே, சந்திரபாபு நினைவு நாளுக்கு வீடியோ போடுறேன். எழுதினத ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க." இந்த வருடம் மூன்று பேர். மூன்றையும் ஒருவரே எழுதிக் கொடுத்தாரோ என்று சந்தேகம் வந்தது. பின்னணியில் அவர் பாடிய 'பிறக்கும் போதும் அழுகின்றான்' ஓடும். கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும். எல்லோரையும் சிரிக்க வைத்தவர் தான் மட்டும் அழுதுகொண்டிருந்தார் என்று ஒரு குரல் தழுதழுக்கும்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் திட்டவும் வாய் வரவில்லை. பதினேழு வருடங்களுக்கு முன்னால் நான் மேடையில் செய்ததும் இதேதான், வரிக்கு வரி.

பழைய நகைச்சுவை நடிகர்களைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவன் நான். வாசகர் வட்டம், ஓய்வூதியர் சங்கம், எப்போதாவது ஒரு கல்லூரி. வருமானம் ஒரு சால்வையும் பஸ் செலவும். வருடத்தை மாற்றிச் சொல்வது, வேறு யாருடைய படத்தையோ போடுவது, பாட்டை அப்படியே ஏற்றிவிட்டு உரிமைப் பிரச்சினையில் மாட்டுவது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒரு முறை சூடுபட்டால் தானாகப் புரிந்துவிடும். பட்டாலும் புரியாத தவறுகள் சில இருக்கின்றன.

நடித்ததை விட்டுவிட்டு அழுததைச் சொல்வது

என் முதல் சந்திரபாபு நிகழ்ச்சி ஐம்பது நிமிடம். தூத்துக்குடியில் பிறந்தது, சுதந்திரப் போராட்டக்காரரான அப்பாவோடு குடும்பமே கொழும்புக்குப் போனது, அங்கே படித்தது, பிறகு திருவல்லிக்கேணிக்கு வந்து சேர்ந்தது, இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். மீதி நாற்பத்தைந்து நிமிடமும் துக்கம். வாய்ப்புக் கேட்டு அலைந்து ஜெமினி ஸ்டுடியோவில் உயிரை விடத் துணிந்தது, நிலைக்காத கல்யாணம், நின்றுபோன படம், கைவிட்டுப் போன வீடு, குடி, 1974-இல் சாவு. நடுநடுவே சோகப் பாட்டுகள். கூட்டத்தில் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேடையை விட்டு இறங்கும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முன்வரிசையில் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு கிட்டே வந்தார்.

"தம்பி, சபாஷ் மீனா பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. "கொஞ்சம் பாத்திருக்கேன் ஐயா" என்றேன்.

"கொஞ்சம்னா?"

யூடியூபில் இரண்டு துண்டுக் காட்சி. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று பத்து நிமிடம் பேசினார். டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவராம். படப் பெட்டி எந்த ஊர் போனாலும் சந்திரபாபு நடித்த அந்த ரிக்‌ஷாக்காரன் வந்தால் தரை டிக்கெட் உருண்டு புரளும், நாற்காலிக்காரர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்றார். புரொஜக்டர் அறையின் சதுர ஓட்டை வழியாகத் திரையை விட்டுவிட்டு ஜனங்களைத்தான் அவர் பார்ப்பாராம். "யார் சிரிச்சா, யார் சிரிக்கலன்னு எனக்குத்தான் தெரியும். நீங்க பாட்டுக்கு அழ வச்சிட்டுப் போறீங்க."

அந்த மஞ்சள் பையில் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. எனக்குக் காட்டத்தான் கொண்டு வந்திருந்தார். காட்டவில்லை. வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு, "முதல்ல படத்தப் பாருங்க" என்று சைக்கிளை எடுத்துவிட்டார். படத்தைத் தேடிப் பிடித்து, பார்த்து முடித்து, நான் திரும்ப அந்த ஊருக்குப் போக எட்டு மாதம் ஆனது. அதற்குள் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நடிகரின் எந்த அசைவுக்கு யார் சிரித்தார்கள், யார் எரிச்சல்பட்டார்கள் என்று வருடக்கணக்காகப் பார்த்த மனிதர். அவரை நாலு பேரின் கண்ணீருக்காக நான் இழந்தேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் இந்தப் பகுதி இப்படி நீள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அழுகையை ஒதுக்கிவிட்டால் சொல்ல என்ன இருக்கிறது? நிறைய. 'சபாஷ் மீனா' 1958-இல் வந்தது, இயக்கம் பி. ஆர். பந்துலு. சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். ஒருவன் சிவாஜியின் நண்பன், படித்த பையன். நண்பனுக்குப் பதிலாக ஆள் மாறாட்டம் செய்து இன்னொரு வீட்டில் போய்த் தங்குகிறான். மற்றவன் மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்‌ஷாக்காரன். ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். எந்த வேடம் திரையில் நிற்கிறது என்று நடையை வைத்தே சொல்லிவிடலாம். பிறகு படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் படித்தவரிடம் அந்தச் சென்னைத் தெருப் பேச்சு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று ஆச்சரியமாக இருக்கும். இதே கதையைப் பந்துலு இந்தியில் 'தில் தேரா தீவானா' என்று 1962-இல் எடுத்தார். சந்திரபாபுவின் இடத்தில் மெஹ்மூத். அந்தப் படத்துக்காக மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டு இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினால் அரை மணி நேரம் போவது தெரியாது. என் முதல் நிகழ்ச்சியில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

இன்னொன்று. அந்தச் சோகப் பாட்டுகளை அவர் தன் வாழ்க்கையைப் பார்த்துப் பாடியதாகச் சொல்லிவிடுகிறோம். 'பிறக்கும் போதும் அழுகின்றான்' 1960-இல் வந்த 'கவலை இல்லாத மனிதன்' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது. 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' 1962-இல் வந்த 'அன்னை' படத்துக்கு, அதுவும் கண்ணதாசன்தான். கதாபாத்திரம் பாடுகிறது. அதை அவருடைய மரண வாக்குமூலமாக மாற்றுவது அவரைப் பாடகராகவும் மதிக்காததற்குச் சமம். அந்த வருடங்களில் அவர் உச்சத்தில் இருந்தார், வேலை குவிந்து கிடந்தது.

பிடிக்காதவர்களை ரசனை கெட்டவர்கள் என்பது

இது இரண்டாவது பெரிய தவறு. சந்திரபாபு எல்லோருக்கும் பிடித்த நடிகர் இல்லை. பாராட்டுக் கூட்டம் என்றால் இதை மறைத்துவிடுகிறோம், அல்லது பிடிக்காதவர்களைப் பட்டிக்காடு என்று ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடுகிறோம்.

அவர்கள் தரப்பையும் கேளுங்கள். அப்போதைய தமிழ் நகைச்சுவை பெரும்பாலும் வாயில் இருந்தது. என். எஸ். கிருஷ்ணனிடம் பேச்சும் பாட்டும் ஒரு கருத்தைச் சுமந்துகொண்டு வரும். தங்கவேலு அசையாமல் நின்றுகொண்டே வார்த்தையை இழுத்துச் சிரிக்க வைப்பார். 'கல்யாண பரிசு' படத்தில் எழுத்தாளர் என்று மனைவியிடம் புளுகிக்கொண்டிருக்கும் அந்த ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு நடுவே ஒருவர் ஆங்கிலப் படத்திலிருந்து குதித்து வந்தவர்போல இடுப்பை வெட்டி, முழங்காலை மடக்கி, தொண்டையை உடைத்து, குரலைக் கீழும் மேலுமாகத் தாவவிட்டு யோடலிங் பாடுகிறார். குடும்பத்தோடு படம் பார்க்க வந்தவருக்கு 'என்னய்யா கோணங்கித்தனம் இது' என்று தோன்றியதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் நியாயமானது. அவருடைய காட்சிகள் பல படங்களில் தனித் தீவாக நிற்கும். 'சகோதரி' (1959) நல்ல உதாரணம். படம் ஏறக்குறைய முடிந்த பிறகு ஏதோ குறைகிறது என்று ஏவி. எம். நினைத்து, சந்திரபாபுவைப் பால்காரராகப் போட்டு நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். படம் ஓடியதற்கு அதுவும் காரணம். 'நானொரு முட்டாளுங்க' அங்கே பிறந்ததுதான். முட்டாள் என்ற வார்த்தையை விட்டுவிட்டு அதன் வாலில் தொங்கும் 'ங்க'வை மட்டும் கேளுங்கள். தாசில்தார் முன்னால் மனுவை நீட்டுகிற பணிவு அதில் இருக்கிறது. எனக்கு அந்த 'ங்க' ஒன்றே போதும். ஆனால் கதையில் ஆழ்ந்து போயிருக்கும் ஒருவருக்கு அந்த இடம் இடையூறு. அவர் எழுந்து முறுக்கு வாங்கப் போயிருந்தால் அது அவர் குற்றமா?

போதாததற்கு மனிதருடைய நடப்பு வேறு. 'அண்ணே' போடாமல் யாரும் வாய் திறக்காத ஓர் உலகத்தில் பெரிய நட்சத்திரங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னால் பாடிவிட்டு, மகிழ்ச்சியில் அவர் மடியிலேயே போய் உட்கார்ந்தவர். திரையில் நாம் ரசிக்கும் அந்தக் கட்டற்ற உடம்பும் வெளியே பலரை எரிச்சலூட்டிய அந்தப் பழக்கமும் ஒரே ஆளுடையவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட முடியாது.

எம்.ஜி.ஆர்.தான் கவிழ்த்தார் என்று முடித்துவிடுவது

'மாடி வீட்டு ஏழை' படத்தைச் சந்திரபாபு எம்.ஜி.ஆரை வைத்து எடுக்கத் தொடங்கினார். பாதியில் நின்றது. அவருடைய பணமும் போனது. இதுவரை சரி. இதற்கு மேல் நாம் போடும் முடிச்சுதான் கோளாறு. அதற்குப் பிறகும் 'பறக்கும் பாவை' (1966), 'அடிமைப் பெண்' (1969) ஆகிய எம்.ஜி.ஆர். படங்களில் சந்திரபாபு இருக்கிறார். கவிழ்த்தவர் கதையில் இந்தப் படங்களை எங்கே வைப்பீர்கள்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 'கவலை இல்லாத மனிதன்' கண்ணதாசனின் சொந்தத் தயாரிப்பு. படப்பிடிப்புக்கு வராமல் சந்திரபாபு இழுத்தடித்ததைக் கண்ணதாசனே எழுதி வைத்திருக்கிறார். படம் ஓடவில்லை, கடன் கவிஞர் தலையில். 1966-இல் சந்திரபாபு தானே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' படமும் ஓடவில்லை. இதற்கிடையே 1964-இல் 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' இரண்டும் வந்து, உடம்பை வைத்துச் சிரிக்க வைக்க நாகேஷ் என்று இன்னொருவர் தயாராக நின்றார், அதுவும் வேகமாக, தினமும் பல படப்பிடிப்புகளுக்கு ஓடக்கூடியவராக. ஒரு வில்லனை வைத்தால் கதைக்கு நல்லது. நடந்தது நாலைந்து கை சேர்ந்து இழுத்த தேர்.

எம்.ஜி.ஆர். ரசிகர்கள் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒரு முறை மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

நாகேஷோடு தராசில் வைப்பது

வேண்டாம். இரண்டு பேருடைய ஆட்களும் அடித்துக்கொள்வார்கள், நீங்கள் கொண்டு வந்த பென்டிரைவ் பையிலேயே இருக்கும்.

'தமிழ்நாட்டின் சாப்ளின்'

யாரைத்தான் அப்படிச் சொல்லவில்லை?

பாட்டைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பற்றிப் பேசுவது

'குங்குமப் பூவே' எல்லோருக்கும் மனப்பாடம். அது வரும் 'மரகதம்' (1959) படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்? பாட்டு மட்டும் கேட்டால் அவர் முதலில் பாடகர், போனால் போகட்டும் என்று நடித்தவர் என்று தோன்றிவிடும். திரையில் பாருங்கள், பாட்டு வரும் முன்பே உடம்பு பாடத் தொடங்கிவிடும். மூச்சு வாங்கும் இடத்தில்கூடத் தோளில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்.

எதிர்ப்பக்கம் இருந்தும் பார்க்கலாம். 1954-இல் வந்த 'பெண்' படத்தில் 'கல்யாணம்' பாட்டுக்குக் குரல் சந்திரபாபு, திரையில் வாயசைப்பவர் வீணை எஸ். பாலசந்தர். பாலசந்தர் நன்றாகத்தான் செய்திருக்கிறார். இருந்தாலும் அந்தக் குரல் கேட்கும் அசைவுகள் வேறு எங்கோ நடந்துகொண்டிருப்பதுபோல் எனக்கு ஓர் உறுத்தல். நிகழ்ச்சியில் இதைப் போட்டுக் காட்டுங்கள். குரல் தனி, உடம்பு தனி என்று பிரித்தால் என்ன ஆகிறது என்பதை நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

கடைசி நாட்களை விவரிப்பது

ஒரு வரி போதும். அதற்கு மேல் போனால் மறுபடி என் முதல் நிகழ்ச்சிதான்.

மூன்று தம்பிகளில் இரண்டு பேர் என் பதிலைப் படித்துவிட்டு ஒரு கைகூப்பும் படம் அனுப்பினார்கள், எழுதியதை அப்படியே ஏற்றிவிட்டார்கள். ஐந்தாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். என் எந்தக் கூட்டத்துக்கும் அறுபது பேருக்கு மேல் வந்ததில்லை என்பதால் அதைப் பற்றி நான் பேசக்கூடாது. மூன்றாவது பையன் மட்டும் ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, சபாஷ் மீனா முழுப் படமும் பாத்துட்டேன். ஒண்ணு கேக்கலாமா? அந்த ரிக்‌ஷாக்காரர் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எங்கம்மா பக்கத்துல உக்காந்து, இந்தாளு ஏண்டா இவ்ளோ துள்றான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இத வீடியோல சொல்லலாமா?"

அம்மாவையே பேச வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.