வெள்ளை கிரேவியைக் கண்டு பயப்படாதீர்கள்

நான் இருப்பது அமெரிக்காவில், கிழக்கு டென்னசியில். ஆகஸ்ட் பிறந்தால் மேற்படிப்புக்கு வரும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டை எட்டிப் பார்ப்பார்கள். இந்த ஊர்க் காலை உணவைத் தட்டில் வைத்ததும் வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: “அக்கா, இதென்ன போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி இருக்கு?”

பிஸ்கட் அண்ட் கிரேவி, அதாவது சூடான ரொட்டியின் மேல் ஊற்றிய வெள்ளைக் குழம்பு, பார்க்க அழகான சாப்பாடு இல்லைதான். ஆனால் நன்றாகச் செய்ததை ஒரு வாய் சாப்பிட்ட பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமையும் வந்து நிற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கச் சாப்பாடு பிடிக்காமல் போவதற்கு, நான் பார்த்தவரை, முதல் அறிமுகம் சரியாக அமையாததே முக்கியக் காரணம். விடுதியின் இலவசக் காலை உணவில் பொடியைக் கரைத்து வைத்த கிரேவி, வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடத்தில் கிளறிய கிரிட்ஸ் என்ற கஞ்சி, ஓவனில் சுட்டு ஆறிப்போன கேசரோல். இவற்றைச் சாப்பிட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எதை எப்படிச் செய்தால் நன்றாக இருக்கும், எதிலிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பிஸ்கட்

இங்கே பிஸ்கட் என்பது சூடாக, மெத்தென்று, அடுக்கடுக்காகப் பிரியும் உப்பு ரொட்டி. ஈஸ்ட் கிடையாது. பாதி வேலையை மாவே செய்துவிடும். தென் மாநிலங்களில் மென்மையான குளிர்காலக் கோதுமையில் அரைத்த, புரதம் குறைந்த மாவைத்தான் இதற்கு எடுப்பார்கள். 1883இல் நாக்ஸ்வில்லில் தொடங்கிய ஒயிட் லில்லி இதற்குப் பேர்போனது. ‘செல்ஃப் ரைசிங்’ என்று போட்ட பையை வாங்குங்கள். பேக்கிங் பவுடரும் உப்பும் அதிலேயே கலந்திருக்கும். கிடைக்காவிட்டால் ஒரு கப் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு.

இரண்டு கப் மாவு, ஆறு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், முக்கால் கப் பட்டர்மில்க். வேறு எதுவும் வேண்டாம். வெண்ணெயும் பட்டர்மில்க்கும் ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும். இங்கே கடையில் விற்கும் பட்டர்மில்க் கெட்டியானது. நாம் தண்ணீர் விட்டுக் கடையும் மோரை அதற்குப் பதிலாக ஊற்றினால் மாவு தளர்ந்துவிடும். வேண்டுமானால் தயிரில் கொஞ்சம் பால் விட்டுக் கெட்டியாக அடித்துக்கொள்ளலாம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், எண்பதைத் தாண்டிய அம்மா. அளவுக் கப் எதையும் தொட மாட்டார். அகலமான மரக் கிண்ணத்தில் மாவைக் கொட்டி, வெண்ணெயைத் துண்டு போட்டு, விரல் நுனிகளால் மட்டும் சட்டுச் சட்டென்று தேய்ப்பார். உள்ளங்கை பட்டால் அந்தச் சூட்டிலேயே வெண்ணெய் உருகிவிடும் என்பார். பட்டாணி அளவு வெண்ணெய்த் துண்டுகள் மாவுக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓவனில் அவை உருகும்போது அவற்றிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரித்துவிடும்.

பட்டர்மில்க் ஊற்றியதும் விரல்களால் சில சுற்று, மாவு ஒன்றுசேர்ந்தால் போதும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை சும்மா இருக்காது, ஆனாலும் பிசையாதீர்கள். பிசைந்தால் இறுகிப்போய் ரொட்டி கடினமாகிவிடும். கையில் ஒட்டுகிற பதத்திலேயே மாவு தூவிய பலகையில் போட்டு, தட்டி, மூன்று நான்கு முறை மடித்து, முக்கால் அங்குல கனத்துக்குக் கொண்டுவாருங்கள். வட்ட அச்சை நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ரொட்டி எழும்பாது. தட்டில் ஒன்றையொன்று தொட்டபடி அடுக்குங்கள். பக்கத்தில் இடமில்லாததால் மேலே எழும்பும். ஓவனில் 475 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12 முதல் 15 நிமிடம். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்து, சூட்டோடு வெண்ணெய் தடவுங்கள்.

அப்புறம் கிரேவி

ஒரு பவுண்டு பிரேக்ஃபாஸ்ட் சாசேஜ் வாங்குங்கள். பன்றி இறைச்சியில் சேஜ் என்ற மூலிகையும் மிளகும் சேர்த்து அரைத்தது. கனமான இரும்புச் சட்டியில் உதிர்த்துப் போட்டு நன்றாகச் சிவக்க வறுங்கள். கொழுப்பு சட்டியிலேயே இருக்கட்டும். அதன்மேல் கால் கப் மைதாவைத் தூவி, பச்சை வாசனை போகும்வரை இரண்டு நிமிடம் கிளறுங்கள். இரண்டரை கப் கொழுப்பு நீக்காத பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டுங்கள். ருசியே அந்த அடிப்பிடித்த பழுப்பில்தான் இருக்கிறது.

அடுத்தது மிளகு. ஒன்றிரண்டாக இடித்து, ஒரு டீஸ்பூனுக்குக் குறையாமல் போடுங்கள். மிளகைக் குறைத்தால் பால் வாசனை தூக்கலாகத் தெரியும். நம்மவர்கள் முகம் சுளிப்பதும் அதற்குத்தான். சாசேஜிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் சுவைத்துப் பார்த்துவிட்டு உப்புச் சேருங்கள். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும் பதத்தில் இறக்கிவிடுங்கள். ஆற ஆற இன்னும் கெட்டியாகும். பன்றி வேண்டாம் என்றால் வான்கோழி சாசேஜ் கிடைக்கிறது. அதில் கொழுப்பு குறைவு என்பதால் இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் கூடுதலாக வேண்டும். சைவர்கள் காளானைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் சிவக்க வதக்கி, உலர்ந்த சேஜ் அரை டீஸ்பூன் போட்டுச் செய்யலாம். நான் அடிக்கடி செய்வது இதைத்தான்.

பிஸ்கட்டை இரண்டாகப் பிளந்து, மேலே கிரேவியை ஊற்றி, ஃபோர்க்கால் உடனே சாப்பிடுங்கள். ஹாட் சாஸ் கேட்டு வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. இந்த ஊர்க்காரர்களும் ஊற்றிக்கொள்வார்கள்.

கிரிட்ஸ்

உடைத்த மக்காச்சோளத்தில் செய்யும் கெட்டிக் கஞ்சி. இந்த மண்ணின் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. ஜார்ஜியா மாநிலம் 2002இல் இதைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்தது. ‘இன்ஸ்டன்ட்’ பாக்கெட்டை விட்டுவிட்டுக் கல்லில் அரைத்ததை வாங்குங்கள். ஒரு கப்புக்கு நான்கு கப் தண்ணீர், உப்பு முதலிலேயே. சிறுதீயில் முக்கால் மணி நேரம், அவ்வப்போது கிளறி விட வேண்டும். இறுகினால் வெந்நீர் தெளியுங்கள். கடைசியில் வெண்ணெயும் செடார் சீஸும். சர்க்கரை போடுகிறவர்களும் உண்டு, என் ஓட்டு உப்புக்குத்தான். தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் பக்கம் போனால் இறால் போட்ட கிரிட்ஸைத் தவற விடாதீர்கள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ

நவம்பர் நான்காம் வியாழன், தேங்க்ஸ்கிவிங் விருந்தில் இதைப் பார்ப்பீர்கள். வான்கோழிக்குப் பக்கத்தில், மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாய் மூடிய இனிப்புக் கிழங்கு. இது வழிவழியாக வந்ததுபோலத் தோன்றும். ஆனால் 1917இல் ஏஞ்சலஸ் மார்ஷ்மெல்லோ தயாரித்த நிறுவனம், ஜேனட் மெக்கன்சி ஹில் என்ற சமையல் ஆசிரியையைக் கொண்டு எழுதி வாங்கிய குறிப்புப் புத்தகத்தில் வந்த பண்டம் இது. வியாபாரத்துக்குப் பிறந்தது என்றாலும் இன்று பல வீடுகளில் இது இல்லாமல் விருந்து இல்லை.

செய்வதானால் கிழங்கை வேகவைக்காமல் தோலோடு ஓவனில் சுடுங்கள், நீர் கோத்துக்கொள்ளாது. மசித்து வெண்ணெய், தாராளமாக உப்பு, கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு. சர்க்கரையே வேண்டாம். மார்ஷ்மெல்லோவைக் கடைசி ஐந்து பத்து நிமிடம் மட்டும் மேலே வைத்துச் சிவக்க விடுங்கள். சாப்பிடும்போது தனியாக எடுக்காமல், வான்கோழித் துண்டோடு சேர்த்து ஒரு வாய் எடுங்கள். உப்பும் இனிப்பும் சேரும்போதுதான் இது ஏன் அந்தத் தட்டில் இருக்கிறது என்பது புரியும்.

ரூட் பியர்

பியர் என்று பெயர் இருந்தாலும் இது ஒரு குளிர்பானம், இதில் சாராயம் இல்லை. பிலடெல்பியாவின் மருந்துக் கடைக்காரர் சார்ல்ஸ் ஹயர்ஸ் 1876இல் அங்கே நடந்த பெரிய கண்காட்சியில் இதை மக்களுக்குக் காட்டினார். முன்பு சசாஃப்ராஸ் என்ற மரத்தின் வேரில் செய்தார்கள். அதிலுள்ள சஃப்ரோல் என்ற பொருள் உடலுக்குக் கெடுதல் என்று 1960இல் அரசு தடை விதித்தது. இன்றைக்குப் பல பாட்டில்களில் விண்டர்கிரீன் என்ற செடியின் வாசனை உண்டு. வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் வருவதும் அதே வாசனை என்பதால் நமக்கு மருந்து குடிப்பது போலிருக்கும். தனியாகக் குடிக்காமல், உயரமான கிளாஸில் வெனிலா ஐஸ்கிரீம் இரண்டு உருண்டை போட்டு, சில்லென்ற ரூட் பியரை மெதுவாக ஊற்றி ஃப்ளோட்டாக முதலில் குடியுங்கள். ஐஸ்கிரீம் அந்த மருந்து வாசனையை அடக்கிவிடும்.

சைவர்கள் கேட்க வேண்டியவை

கூச்சப்படாமல் கேளுங்கள். தென் மாநிலங்களில் கொலார்ட் கீரையும் பீன்ஸும் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டோடுதான் வேகும். பிஸ்கட்டிலும், ‘பை’ (pie) என்ற பண்டத்தின் மேலோட்டிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லோ என்ற ஜெல்லியிலும், விலங்குகளிடமிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. விருந்துக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால், எனக்குத் தெரிந்த அமெரிக்க வீடுகள் எல்லாமே சந்தோஷமாகத் தனியாகச் செய்து வைக்கும். நீங்களும் ஒரு பாத்திரம் எதையாவது கொண்டுபோங்கள்.

காய்கறி மிதக்கும் ஜெல்லோ சாலடையும், பென்சில்வேனியாவின் ஸ்கிராப்பிளையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெல்லோவுக்கு நான் பரிந்து பேச மாட்டேன். ஸ்கிராப்பிள் வேறு விஷயம். பன்றி இறைச்சியின் மிச்சங்களை மக்காச்சோள மாவோடு வேகவைத்து இறுக்கிய கட்டி அது. அரை அங்குலத்துக்கும் மெலிதாக நறுக்கி, கல்லில் போட்டு, அடிப்பக்கம் மொறுமொறுவென்று ஆகும்வரை திருப்பாமல் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் உதிர்ந்துவிடும்.