ஜனதா கதையைச் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

எமர்ஜென்சி பற்றிப் பேச்சு எடுத்தால், அதைக் கொண்டுவந்த இந்திரா காந்தியை 1977 தேர்தலில் தோற்கடித்து மத்தியில் ஆட்சிக்கு வந்த ஜனதாவும் கூடவே வந்துவிடும். "முதல் கூட்டணி ஆட்சி" என்று பலர் ஆரம்பிப்பார்கள். முதல் சறுக்கலே அங்கேதான்.

ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம், பாரதிய லோக் தளம், சோஷலிஸ்ட் கட்சி நான்கும் 1977 ஜனவரியில் கைகோத்தபோது வேண்டுமானால் கூட்டணி எனலாம். ஜெயித்த பிறகு, மே 1 அன்று, தங்களைக் கலைத்துவிட்டு ஒரே கட்சியாகிவிட்டார்கள். தேர்தலுக்கு முன் காங்கிரசை விட்டு வந்த ஜெகஜீவன் ராமின் அணியும் வந்து கலந்தது. இது வெறும் சொல் விவகாரம் இல்லை. கூட்டணிக் கட்சிக்காரர் வேறெந்த அமைப்பில் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஒரே கட்சி ஆனதால்தான், பழைய ஜனசங்கத்தார் ஆர்.எஸ்.எஸ்.ஸிலும் இருக்கலாமா என்ற 'இரட்டை உறுப்பினர்' சண்டை வெடித்தது.

அந்தச் சண்டையே ஆட்சியைக் கவிழ்த்தது என்று முடிப்பது அடுத்த தவறு. கொள்கை மேடையில் பேசியது; கணக்கு நாற்காலியைப் பற்றியது. 1977இல் ஜெயித்ததும், பிரதமர் யார் என்று எம்.பி.க்கள் ஓட்டுப் போடவே இல்லை. முடிவை மூத்த தலைவர்களான ஜெயப்பிரகாஷ் நாராயணிடமும் கிருபளானியிடமும் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பாரதிய லோக் தளத் தலைவர் சரண் சிங், ஜெகஜீவன் ராம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே மொரார்ஜி தேசாயை ஆதரித்துக் கடிதம் கொடுத்தனுப்பினார். அந்த மொரார்ஜியோடு அவருக்கு ஒரு வருஷம்கூட ஒழுங்காக ஒத்துப்போகவில்லை. 1978 ஜூனில் மந்திரிசபையை விட்டு வெளியேற்றப்பட்டார். டிசம்பரில், தன் பிறந்தநாளில், டெல்லியில் விவசாயிகளைத் திரட்டிக் காட்டினார். 1979 ஜனவரியில் துணைப் பிரதமராகத் திரும்பினார். ஜூலையில் அவர் ஆட்கள் கொத்துக் கொத்தாகக் கழன்றதும், 15ஆம் தேதி மொரார்ஜி ராஜினாமா செய்தார். சரண் சிங் பிரதமரானது யார் தயவில்? யாரை வீழ்த்த ஜனதா பிறந்ததோ, அதே இந்திராவின் தயவில். அவர் கையை விரித்ததும், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ஆகஸ்ட் 20 அன்று சரண் சிங் விலகினார்.

"1977இல் நாடே இந்திராவைத் தூக்கியெறிந்தது" என்று தமிழில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். தமிழ்நாட்டில் 39இல் 34 இடங்களை அ.தி.மு.க., காங்கிரஸ், இந்திய கம்யூனிஸ்ட் அணி அள்ளியது. ஆந்திராவில் 42இல் 41 காங்கிரசுக்கு. அலை அடித்தது வடக்கே.

ஜனதா ஆட்சி ஒன்றும் சாதிக்கவில்லை என்பதும் சரியல்ல. 1978இல் வந்த அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தத்தைப் பாருங்கள். 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி எமர்ஜென்சி கொண்டுவரும் வழியை அது அடைத்தது. இனி 'ஆயுதக் கிளர்ச்சி' இருந்தால்தான் முடியும்.

இன்னொன்று, இரட்டை உறுப்பினர் விவகாரம் ஆட்சியோடு முடிந்துவிடவில்லை. 1980 தேர்தலில் 31 இடங்களுக்குச் சுருங்கிய பிறகும் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரலில் கட்சி 'கூடாது' என்று முடிவெடுத்தது; ஜனசங்கத்தார் வெளியேறி, 6ஆம் தேதி பாரதிய ஜனதாவைத் தொடங்கினார்கள்.