வளைந்த எல்.பி. தட்டு: என் அனுபவம்

பழைய பொருள் கடையில் வாங்கிய வீணை எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) ஒன்று. சுழலவிட்டால் ஓரம் அலைபோல ஏறி இறங்கும். முதல் பாட்டில் மட்டும் ஊசி துள்ளும்; உள்ளே போகப் போகச் சரியாகிவிடும். ஓர வளைவு என்றால் அப்படித்தான்.

நடுவில் வைக்கும் கனமான வெயிட் இதற்கு உதவவில்லை. தட்டு கவிழ்த்த கிண்ணம்போல நடுவில் மேடாக இருந்தால்தான் அது வேலை செய்யும். ஓரம் தூக்கியிருந்தால் வீண் செலவு.

என் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) ஊசி அழுத்தம் 1.8 முதல் 2.2 கிராம் வரை வைக்கலாம். 1.8-இல் இருந்ததை 2.2 ஆக்கினேன். துள்ளல் நின்றது, ஆனால் நீண்ட சுரங்களில் சுருதி லேசாக அசைவது போகவில்லை.

அப்புறம் தட்டையே நிமிர்த்தினேன். தூசி துளியும் இல்லாமல் துடைத்து, தடித்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, மேலே அகராதிகளை அடுக்கி, வெயில் படாத அலமாரியில் விட்டுவிட்டேன். சில வாரங்களில் வளைவு பாதிக்கு மேல் தணிந்தது. ஓவனில் வைத்துச் சூடாக்கச் சொல்வார்கள்; எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. தட்டு செய்யப்பட்ட வினைல் பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும், ஊசி ஓடும் பள்ளங்கள் சிதைந்தால் இசையும் போச்சு. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுகளை இப்படி அழுத்தாதீர்கள், உடைந்துவிடும்.

இப்போது 2 கிராமிலேயே துள்ளாமல் ஓடுகிறது.