பாப்டோவா, பாப்டிட்ஸோவா? ஈற்றைப் பாருங்கள்

ஞானஸ்நானம், திருமுழுக்கு என நாம் சொல்வதன் மூலவினை கிரேக்கத்தில் பாப்டிட்ஸோ. பலர் இதைப் பாப்டோவோடு குழப்பிக்கொள்கிறார்கள். பாப்டோ என்றால் தோய்த்தல். சாயத்தில் துணி தோய்ப்பதும் அதுதான். லூக்கா 16:24இல் விரல் நுனியைத் தண்ணீரில் தோய்ப்பது பாப்டோ. பாப்டிட்ஸோ அதைவிடக் கனமானது: முழுக்குதல், அமிழ்த்துதல். கப்பல் மூழ்குவதற்கும் வரும்.

அகராதிப் பொருளோடு நிற்காமல் வினையின் ஈற்றையும் பாருங்கள். கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் (2 இராஜாக்கள் 5:14) சீரியப் படைத்தலைவன் நாகமான் யோர்தான் ஆற்றில் ஏழுதரம் முழுகும்போது வருவது எபாப்டிஸாடோ. ‘-ஸாடோ’ நடுவினை ஈறு, அதாவது செய்பவர் தனக்குத்தானே செய்துகொள்வதைக் காட்டுவது. தானே முழுகினான், யாரும் முழுக்கவில்லை. அப்போஸ்தலர் 2:38இல் பாப்டிஸ்தேடோ. ‘-ஸ்தே-’ செயப்பாட்டுவினை, இன்னொருவர் கையால் பெறுவது. 22:16இல் பாப்டிஸாய், நடுவினை ஏவல்: ‘முழுக்குப் பெற்றுக்கொள்’. நம் முழுகு, முழுக்கு இணையை நினைத்தால் பாதி புரிந்துவிடும்.

ஆனால் ‘-ஸ்தே’ கண்டதும் செயப்பாடு என்று முடிவுகட்ட வேண்டாம். லூக்கா 11:38இல் எபாப்டிஸ்தே என்பது சாப்பாட்டுக்கு முந்தைய யூதச் சுத்திகரிப்பு, தானே செய்துகொள்வது. அங்கே ‘ஞானஸ்நானம்’ என்று போட்டால் வாக்கியமே கெட்டுவிடும்.